பச்சை மலையில் கற்றதும் நீல மலையில் மறந்ததும்

கிளட்ச் கருகினால் ஒரு வாசனை, பிரேக் லைனிங் கருகினால் வேறு வாசனை. இரண்டாவதில் ஒரு கசப்பு உண்டு. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். 2018 டிசம்பரில் ஒரு விடியற்காலை, கோத்தகிரி – மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் குஞ்சப்பனைக்குச் சற்று மேலே, அந்த வாசனை வண்டிக்குள் வந்தபோது காலடியில் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. பின்னால் கொக்கியில், டிரெய்லரோடு சேர்த்து 1,900 கிலோ ஜெனரேட்டர். முன்னால் இறக்கம். காரமடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழு மணிக்குள் வந்து சேர்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று தப்பித்தது எப்படி என்பதைவிட, அந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் சொல்ல வேண்டிய கதை. ஏனென்றால் நான் ஒன்றும் தெரியாமல் இறங்கிய ஆள் இல்லை. தெரிந்துகொண்டே இறங்கியவன்.

கோத்தகிரிதான் எனக்கு ஊர். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம். ஐ.டி.ஐ. முடித்து, சில வருடம் ஊரில் ஒர்க்‌ஷாப்பில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு, 2008-இல் ஓமன் போனேன். ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் நிறுவனம். ஒன்பது வருடம் அங்கே இழுத்ததெல்லாம் இரண்டு சக்கர, நான்கு சக்கர டிரெய்லர்கள்தான்.

எங்களிடம் இரண்டு வகை பிக்கப் இருந்தன. ஒன்று டொயோட்டா ஹைலக்ஸ், மற்றது ஃபோர்டு எஃப்-150. அமெரிக்கக்காரர்கள் கணக்கில் ஹைலக்ஸ் மாதிரியான வண்டி நடுத்தரம், எஃப்-150 முழு அளவு. ஹைலக்ஸின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 3.1 மீட்டர், நான்கு கதவு எஃப்-150-இல் அது 3.7 மீட்டர் வரும். அரை மீட்டருக்குச் சற்றே அதிகமான இந்த வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று முதலில் எனக்கும் அலட்சியம்தான். மஸ்கட்டிலிருந்து சலாலா வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் பாலைவனச் சாலை. ஒரு பெரிய லாரி எதிரே விர்ரென்று கடக்கும்போது, ஹைலக்ஸின் பின்னால் இருக்கும் டிரெய்லர் ஒருமுறை வால் ஆட்டும். அந்த ஆட்டம் ஸ்டியரிங் வரை வரும். எஃப்-150-இல் அதே டிரெய்லர் அதே ஆட்டம் போடும், ஆனால் முன்னால் இருப்பவனுக்குச் செய்தி வந்து சேராது. இழுக்கும் சக்தியில் ஹைலக்ஸ் குறை வைத்ததே இல்லை. இரண்டு டன்னைச் சமதரையில் சிரித்துக்கொண்டே இழுக்கும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை ஆட்டுகிறதா, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை அடக்குகிறதா என்பதில்தான் வேறுபாடு.

ஓமனில் ஜபல் அக்தர் என்று ஒரு மலை. பெயருக்குப் பச்சை மலை என்று பொருள். மேலே ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் மாதுளையும் ரோஜாவும் விளைகின்றன. நம் குன்னூரைவிடச் சற்று உயரம், ஆனால் மரம் மட்டை குறைவு, பெரும்பாலும் மொட்டைப் பாறை. அடிவாரத்தில் பிர்கத் அல் மௌஸ் என்ற ஊரில் போலீஸ் சோதனைச் சாவடி. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்கள். இறங்கும் வழியில் பிரேக் போன வண்டி ஏறி நிற்பதற்கென்றே பக்கவாட்டில் மேட்டுப் பாதைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மலைக்கு டிரெய்லர் போக வேண்டும் என்றால் எங்கள் ஃபோர்மேன், கண்ணூர்க்காரர், ஹைலக்ஸ் சாவியை எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். “இது ஏறும். இறங்கும்போதுதான் வம்பு” என்பார். எஃப்-150-இல் டேஷ்போர்டிலேயே டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தது. விரலால் தள்ளினால் டிரெய்லர் மட்டும் பிரேக் பிடிக்கும். வால் ஆடும்போது வண்டியின் பிரேக்கைத் தொடாமல் இதைத் தொட்டால் நூல் பிடித்தது போல நேராகிவிடும். டிரெய்லரில் பிரேக் இல்லாமல் அந்த நிறுவனத்தில் ஒரு சாமான்கூட வெளியே போனதில்லை.

பச்சை மலையில் இதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் 2017-இல் நீல மலைக்குத் திரும்பினேன். திரும்பி ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் மறந்தேன்.

மறதிக்குக் காரணம் பணம். சேமிப்பில் ஒரு பழைய நடுத்தர பிக்கப், 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், வாங்கினேன். 62.5 கே.வி.ஏ. சைலன்ட் ஜெனரேட்டர் ஒன்றைக் கடன் போட்டு எடுத்தேன். அதை உட்காரவைக்க இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைக் கீழே ஒரு பட்டறையில் செய்யச் சொன்னேன். பிரேக் வேண்டுமா என்று பட்டறைக்காரர் கேட்கவில்லை. வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் இன்னும் 40,000 ரூபாய் ஆகியிருக்கும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்குக் கூர்மை அதிகம்.

முதல் தடவை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு, 33 கிலோமீட்டர், இழுத்துக்கொண்டு ஏறினேன். பாதி வழி இரண்டாவது கியர். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோயின. வெப்பமானி முள் கொஞ்சம் ஏறியது, ஓரமாக நிறுத்தி டீ குடித்தேன், இறங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் வீட்டு வாசலில் ஜெனரேட்டர். ஏறிவிட்டது என்பதுதான் என்னைக் கெடுத்தது. ஏறியது இறங்காமலா போய்விடும் என்ற துணிச்சல் அந்த வாசலில்தான் முளைத்தது.

அதன் பிறகு ஒன்பது மாதம் கோத்தகிரி, கட்டபெட்டு, அரவேணு, குன்னூர் என்று மலைக்குள்ளேயே வேலை. சின்னச் சின்ன இறக்கங்கள். ஒன்றும் ஆகவில்லை. காரமடைக் கல்யாணம்தான் முதல் முழு இறக்கம்.

அன்று மழை விட்ட சாலை, மூடுபனி. பிக்கப்பின் பின்தொட்டியில் கேபிள் சுருளும் டீசல் கேனும் தவிர ஒன்றும் இல்லை. மூன்றாவது கியரில் இறங்கினேன். வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கில் காலை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். பத்துக் கிலோமீட்டர் தாண்டியபின் காலை எடுக்கவே இல்லை. பிரேக்கை இலேசாக அழுத்திப் பிடித்தபடியே இறங்குவது பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடக் கேடு வேறில்லை. டிரம் ஆறுவதற்கு ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. வாசனை வந்தது. பெடல் அமுங்கியது. அடுத்தது இடப்பக்கக் கொண்டை ஊசி. திருப்பும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியது. ஈரத்தில் கனமில்லாத பின் சக்கரங்கள் வழுக்கி வால் வெளிப்பக்கமாக நகர ஆரம்பித்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஓட்டுவது நான் இல்லை, ஜெனரேட்டர்.

கியரை இரண்டுக்கு இறக்கினேன். எஞ்சின் அலறியது. வளைவு தாண்டியதும் இடது பக்கம் மண் சரிவு. வண்டியை மலைப்பக்கம் சாய்த்துச் சாலையோர ஓடைக்குள் முன் சக்கரத்தை இறக்கி மண்ணில் உரசவிட்டேன். இருபதடி உரசிக்கொண்டே போய் நின்றது. உதவிக்கு வந்திருந்த தம்பி குதித்து ஓடி டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளினான். இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இடப்பக்கக் கதவு, பம்பர், ஒரு ஹெட்லைட் போயின. கல்யாண வீட்டில் வேறு ஜெனரேட்டர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த மண்டபத்துக்காரர் இன்றுவரை என்னைக் கூப்பிடுவதில்லை. நியாயம்தான்.

பின்னால் வந்த ஒரு டாடா 407 நின்றது. முப்பது வருடமாக உருளைக்கிழங்கும் கேரட்டும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிற அண்ணன் ஒருவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இறங்கி வந்து, புகைகிற சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிரம்மில் ஊற்றப் போனான். “ஊற்றாதே! வெடித்துவிடும்” என்று அதட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?”

“சொல்லியிருக்கிறார்கள் அண்ணா.”

“பிறகு ஏன் மூன்றில் வந்தாய்?”

“ஏழு மணிக்குக் கல்யாணம் அண்ணா.”

“உனக்கா கல்யாணம்?”

அரை மணி நேரம் யாரும் கை வைக்காமல் ஆறவிட்டோம். சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கையும் இழுக்கக் கூடாது என்றார். கொதிக்கிற டிரம்மோடு லைனிங் ஒட்டிக்கொள்ளும், ஆறும்போது டிரம் உருவம் கோணும். கல்லை வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. காத்திருந்த நேரத்தில் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்னும் பயன்படுகிறது.

“குன்னூர் ரயிலைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது?”

யோசித்தேன். பின்னால். கீழ்ப்பக்கம். 1899-இலிருந்து அந்தப் பல்சக்கர ரயில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் குன்னூருக்கு ஏறுகிறது. இறங்கும்போதும் எஞ்சின் கீழ்ப்பக்கமே நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு வருகிறது. ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவு அது. அதைக் கட்டியவர்கள் எஞ்சினை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்கிறார். பெட்டிக்குப் பெட்டி தனி பிரேக். “வெள்ளைக்காரனே பெட்டிக்கு ஓர் ஆள் போட்டான். நீ ஒரு காலை வைத்து இரண்டு வண்டியை நிறுத்தப் பார்த்தாய்” என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பிக்கப், சாமான், ஆட்கள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4,200 கிலோ. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். இவ்வளவு எடை இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மின்வாரியக் கணக்கில், 17 யூனிட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 17-ஐ ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்தச் சூடு எங்காவது போய்த்தான் தீர வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் எஞ்சின் ஒரு பெரும் பங்கை வாங்கி ரேடியேட்டர் வழியே வெளியே தள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்குக்கு. நான் மூன்றாவது கியரில் இறங்கி எஞ்சினுக்குச் சேர வேண்டிய பங்கையும் பிரேக்கிலேயே கொட்டினேன். டிரெய்லருடைய பங்கைச் சுமக்க டிரெய்லரில் பிரேக்கே இல்லை. ஒரு பிக்கப்புக்கென்று செய்த நான்கு பிரேக்குகள் இரண்டு வண்டியின் சூட்டை வாங்கின.

பெடல் பஞ்சானதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. பழைய வண்டியை வாங்கிய நாளிலிருந்து நான் ஆயிலை மாற்றவே இல்லை. கோத்தகிரி மூடுபனியில் நின்ற வண்டியின் ஆயில் எத்தனை வருடம் பழையதோ! குழாய்க்குள் ஆயில் கொதித்து ஆவியானால் கால் அழுத்துவது ஆவியைத்தான். இப்போது டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றம். வேறு எதை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

பெரிய வண்டி வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் அடுத்து நினைத்தேன். எஃப்-150 இங்கே கிடைக்காது. கிடைத்தாலும் என் கூரையை விற்க வேண்டும். நம் ஊரின் ‘முழு அளவு’ என்று எனக்குப் பட்டது 407-தான். 1986-இல் வந்த மாதிரி, மலைக்காரர்களுக்கு உறவினர் மாதிரி. பின்னால் நான்கு டயர், கனமான சட்டம், லாரிக்கென்று செய்த பிரேக். அண்ணனுக்கும் மண்டி வாடகை குறைந்துகொண்டிருந்த நேரம். இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். அவருடைய வண்டியின் பின்னால் என் டிரெய்லரை மாட்டி முதல்முறை இறங்கியபோது ஓமன் நினைவு வந்தது. பின்னால் ஒன்று வருகிறது என்பதே தெரியவில்லை. அண்ணன் வெறும் தொட்டியோடு இழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. பின் அச்சுக்கு மேலே பத்து மணல் மூட்டைகளை அடுக்கினார். பின் சக்கரத்துக்குக் கனம் இருந்தால்தான் ஈரச் சாலையில் பிடிக்கும் என்பதை நான் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவன், மறுபேச்சுப் பேசவில்லை.

ஆனால் மூன்றாவது பயணத்தில் அவரே கேட்டார்: “இதை ஏன் இழுக்க வேண்டும்? தூக்கி உள்ளே வைத்தால் என்ன?” ஓமனில் பழகிய மண்டைக்கு இது தோன்றவே இல்லை. டிரெய்லரை விட்டுவிட்டு ஜெனரேட்டரை மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,450 கிலோ. 407-இன் சுமைக்குள் வருகிறது. கிரேன் வாடகை, பெல்ட் கட்டுவது, இறக்குவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரமும் சில ஆயிரம் ரூபாயும் கூடுதல். வாடிக்கையாளரிடம் அதைக் கேட்டு வாங்குவது தனிக் கலை. இருந்தும் மேட்டுப்பாளையம், காரமடை, கோவை என்று கீழே இறங்கும் வேலை எல்லாவற்றுக்கும் இப்போது தூக்கித்தான் வைக்கிறோம். நான்கு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுமை நான்கு பிரேக்குக்குக் கட்டுப்பட்ட சுமை. தள்ளாது, வால் ஆட்டாது, வளைவில் உள்பக்கம் வெட்டாது.

வெட்டுவது என்று சொன்னேன். டிரெய்லர் சக்கரம் வண்டிச் சக்கரம் போன தடத்திலேயே வரும் என்று புதிதாக இழுப்பவர்கள் நம்புகிறார்கள். வராது, எப்போதும் வளைவின் உள்பக்கமாக ஒதுங்கி வரும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் இடப்பக்கக் கொண்டை ஊசியில்தான் நெருக்கடி. வலது ஓரம் வரை அகலம் எடுத்துத் திருப்பினால்தான் டிரெய்லர் ஓடையில் விழாது. அதாவது எதிர்வரும் வண்டியின் பாதையில் பாதியைக் கடன் வாங்க வேண்டும். ஹாரன் அடித்து, நின்று, கேட்டு வாங்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை விதி. இறங்குகிற நாம்தான் நிற்க வேண்டும். இதில் வண்டி நீளம் கூடக்கூடத் தொல்லையும் கூடும். சமதரையில் நிதானம் தந்த அந்த அரை மீட்டர், கொண்டை ஊசியில் வட்டியோடு திருப்பிக் கேட்கும்.

அமெரிக்காவில் பிக்கப்புகளின் இழுவைத் திறனை அளக்க எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்று ஒரு விதிமுறை வைத்திருக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் நீள ஏற்றம். கோடை வெப்பத்தில் ஏ.சி.யை ஓடவிட்டபடி, பின்னால் ஒற்றை டயர் உள்ள வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழே போகாமல் சுமையோடு ஏற வேண்டும். நல்ல சோதனைதான். அதில் தேறிய எஃப்-150 சரியான உபகரணங்களோடு ஐந்து டன்னுக்கும் மேல் இழுக்கும் என்கிறார்கள். ஹைலக்ஸுக்கு ஆஸ்திரேலியாவில் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3.5 டன் என்று கணக்கு. இந்த எண்களை நம் ஊரில் யாராவது எடுத்துக்காட்டினால் நான் சிரித்துவிடுகிறேன். குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசி, கல்லட்டியில் 36. மணிக்கு 40 மைல் இங்கே யாருக்கு வேண்டும்? தவிர, அந்த உச்ச எண்ணை எட்டுவதற்கு முன்பே வண்டியின் சுமை வரம்பு முடிந்துவிடும். கொக்கியில் விழுகிற எடை, ஆட்கள், கேபிள், டீசல் எல்லாமே வண்டி சுமக்கிற சுமையில்தான் சேரும்.

சரி, பிக்கப்பை விற்றேனா என்றால் இல்லை. காரணம் ஹட்டிகள். படுகர் ஊர்களுக்குள் போகும் காங்கிரீட் பாதைகள் பலவற்றில் 407 திரும்ப இடமில்லை. பேரகணியில் எத்தையம்மன் திருவிழா சமயத்தில் சுற்று ஊர்களில் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஜெனரேட்டர் கேட்பார்கள்; வீடுகளுக்கு நடுவே, தேயிலைச் செடி உரசுகிற வழியில், கடைசி இருநூறு மீட்டர் சின்ன வண்டியால்தான் போக முடியும். மலைக்குள்ளேயே நடக்கும் வேலைகளுக்குப் பிக்கப்பும் டிரெய்லரும்தான் பொருத்தம், டிரெய்லரில் பிரேக் இருந்தால்.

அந்த பிரேக்கைக் கடைசியில் 2019-இல் போட்டேன். கோவையில் ஒரு பட்டறையில், டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற வகை. வண்டி வேகம் குறைந்தால் பின்னால் வருவது கொக்கியை அழுத்தும். அந்த அழுத்தமே கம்பியை இழுத்து டிரம்மைப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், வண்டியில் எதையும் மாற்ற வேண்டாம். எளிமையான ஏற்பாடு. நீண்ட இறக்கத்தில் அது தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்து சூடாகும் என்பது ஒரு குறை. அதனால் நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை சமமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுகிறேன். இன்னொரு குறையை ஒரு யானை சொல்லிக்கொடுத்தது.

பலாப்பழப் பருவம். குஞ்சப்பனைப் பக்கம் அந்த மாதங்களில் யானைகள் பழத்துக்கு வருவது தெரிந்ததுதான். முள்ளூரில் ஒரு வேலைக்காக, வேறு வழியில்லாமல், பிக்கப்பில் டிரெய்லரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவு தாண்டியதும் நடுச்சாலையில் ஒற்றை யானை. நாற்பது ஐம்பது மீட்டர். நின்றேன். அது பழத்தைத் தின்றுவிட்டு எங்களைப் பார்த்தது, காதை விரித்தது. பின்னால் எடுப்போம் என்று ரிவர்ஸ் போட்டேன். வண்டி நகரவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், எஞ்சின் முனகியது, கிளட்ச் வாசனை வந்தது, வண்டி அங்கேயே. பிறகுதான் உறைத்தது: மேட்டை நோக்கிப் பின்னால் தள்ளும்போதும் கொக்கி அழுந்துகிறது, டிரெய்லர் கடமை தவறாமல் பிரேக் பிடிக்கிறது. பின்னால் எடுக்கும்போது அதைத் தடுக்க ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதை இறங்கிப் போய்த்தான் மடக்க வேண்டும். தம்பி என்னைப் பார்த்தான், யானையைப் பார்த்தான். “அண்ணா, நீங்கள் போங்கள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறேன்” என்றான். அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. நானே இறங்கினேன். நெம்புகோலை மடக்கிவிட்டுத் திரும்பி ஏறிய அந்தப் பத்து நொடி என் ஆயுளில் எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. அதன்பின் ரிவர்ஸ் எடுத்தேன். குட்டை டிரெய்லர் என்பதால் கொஞ்சம் ஸ்டியரிங் திருப்பினாலும் மடங்கிக்கொண்டது. முன்னே வந்து நேராக்கி, மறுபடி பின்னே எடுத்து, முப்பது மீட்டர் போவதற்குள் யானைக்கே சலித்துப்போய்க் காட்டுக்குள் இறங்கிவிட்டது. இப்போது யானை நடமாட்டம் உள்ள பகுதிக்கு முன்பே தம்பி முன்னால் நடந்துபோய் வளைவைப் பார்த்துவிட்டுக் கை காட்டுவான். அந்த நெம்புகோலுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

இன்னும் சில. ஜெனரேட்டரை டிரெய்லரில் எங்கே உட்காரவைப்பது என்பதில் ஒரு கை அகலம்கூடக் கணக்கு. பின்பக்கம் கனம் கூடினால் கொக்கி மேலே தூக்கப்பார்க்கும், வண்டியின் பின் சக்கரம் பிடிப்பை இழக்கும், வால் ஆடும். டிரெய்லர் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழும்படி வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் எடை மேடைக்காரர் ஒருவர், கொக்கிப் பக்கத்தை மட்டும் மேடையில் இறக்கி எடை பார்த்துக் கொடுத்தார். டீ வாங்கிக்கொடுத்தேன், அவர் வேறு காசு வாங்கவில்லை. சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

சூட்டை அளக்கத் தொலைவிலிருந்து பார்க்கும் வெப்பமானி வைத்திருக்கிறேன். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்குக் காட்டிய கருவி ஒன்று வீட்டில் சும்மா கிடந்ததே என்று முதலில் அதை டிரம்முக்குக் காட்டினேன். காய்ச்சல் மிக அதிகம் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பொய் சொல்லவில்லை. பிறகு பட்டறைகளில் வைத்திருக்கும் வகையைக் கோவையில் வாங்கினேன். ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், டிரெய்லர் பிரேக்கோடு இறங்கினால் பிக்கப்பின் முன் டிஸ்க் 170-ஐ ஒட்டி நிற்கிறது. ஒருநாள் டிரெய்லர் பிரேக் கம்பி தளர்ந்திருந்ததைக் கவனிக்காமல் இறங்கினேன், 260 காட்டியது. கம்பி தளர்ந்ததை எனக்குச் சொன்னது காலும் இல்லை, காதும் இல்லை, அந்த எண்தான்.

ஊட்டிப் பக்கம் போனால் இன்னொரு விஷயம். 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ எண்பது சதவீதம்தான். குக்கர் இல்லாமல் அரிசி வேகத் தாமதமாவதற்கும், டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் ஏற்றத்தில் கரும்புகை கக்குவதற்கும் மூலம் ஒன்றே. தண்ணீர் அங்கே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும் என்பதால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருந்தால் கீழே தாங்கிய வண்டி மேலே தாங்காது. நூறு ரூபாய்ச் சாமான். வருடம் ஒன்று மாற்றிவிடுகிறேன்.

காகிதமும் உண்டு. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். பதிவு வேண்டும், இன்சூரன்ஸில் தனியாகச் சேர்க்க வேண்டும். கதவும் பம்பரும் போன அந்த விபத்தில் எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை, டிரெய்லர் பாலிசியில் இல்லை என்பதால். அப்போது கோபப்பட்டேன். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

போன வாரம் மனைவி கேட்டாள், 407 வேலையே போதுமான அளவு வருகிறதே, பழைய பிக்கப்பைக் கொடுத்துவிடலாமா என்று. திருவிழாவுக்கு மூன்று ஹட்டியிலிருந்து முன்பணம் வந்துவிட்டது என்றேன். “அப்படியென்றால் பிரேக்கையாவது பாருங்கள்” என்றாள். நாளை ஞாயிற்றுக்கிழமை, டிரெய்லர் டிரம் இரண்டையும் கழற்றப் போகிறோம். தம்பி இந்த மாதம்தான் எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறான். ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறான். முதலில் நெம்புகோலை மடக்கக் கற்றுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.